ஊறப் போட்ட இன்ஜின் கவர்கள்

என் அண்ணனுக்குக் குற்றம் கண்டுபிடிக்கத் தெரிந்த அளவு வேறு எதுவும் தெரியாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். பால் கேனைக் கழுவிக் கவிழ்த்தால் கழுத்துக்குக் கீழே இன்னும் வெள்ளை படிந்திருக்கிறது என்பார். தென்னையைச் சுற்றி வட்டப்பாத்தி எடுத்தால் வட்டம் கோணல் என்பார். என் கல்யாணத்தில் மணவறைக்கே வந்து, ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது குனிந்து, என் வேட்டிக் கரையை நேராக இழுத்துவிட்டுப் போன ஆள் அவர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஐம்பது வயது தாண்டியும் அவர் பார்வை என் மேல் விழுந்தால் நான் என் கையை, காலை, செருப்பை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

அந்தப் பார்வைதான் போகிறது என்று கோயமுத்தூரில் ஒரு கண்ணாஸ்பத்திரியில் சொன்னார்கள். இருபது வருஷத்துச் சர்க்கரை. இடது கண் ஏற்கெனவே முடிந்த கதை. வலது கண்ணில் உள்ளே ரத்தம் கசிந்து, ஒரு சவ்வு வளர்ந்து, அது விழித்திரையைப் பிடித்து இழுக்கிறதாம். ஆபரேஷன் செய்யலாம், ஆனால் சர்க்கரை இறங்க வேண்டும், மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். நாங்கள் எழுந்துகொண்டபோது மறுபடி உட்காரச் சொல்லிவிட்டு எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துச் சொன்னார். மூன்று பேர் என்றால் அண்ணன், நான், நங்கை. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம்.

“நடுவுல எப்பவாச்சும் திரை விழுந்த மாதிரி ஒரு பக்கம் இருட்டிட்டு வந்தா, தேதிக்காகக் காத்திருக்காதீங்க. அன்னைக்கே வந்துருங்க. ஒரு நாள், ரெண்டு நாள் தாண்டினாக்கூட நாங்க செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது.”

மூன்று பேரும் தலையை ஆட்டினோம். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

 திரும்பும் வழியில் பொள்ளாச்சி தாண்டி, கேரள எல்லை தாண்டி, கார் மீனாட்சிபுரத்துக்குள் நுழைந்த பிறகுதான் அண்ணன் பேசினார்.

“அந்த வண்டிய வெளிய எடுடா.”

“எந்த வண்டிங்ணா?”

“உன்ர கட்டுத்தறியில தவிட்டு மூட்டைக்குப் பின்னால போட்டு வெச்சிருக்கறயே, அந்த வண்டி. ஆபரேசனுக்குப் போறதுக்குள்ள அத ஒருக்கா பழையபடி பாத்துக்கோணும்.”

அது அவருடைய பழைய இரட்டைச் சைலன்சர் மோட்டார் சைக்கிள். கியர் போடும் லீவரையே மடக்கி நிமிர்த்தி, அதையே உதைத்து ஸ்டார்ட் செய்யும் வண்டி. அதை வாங்கிய நாளிலிருந்து வேறு யார் கையும் அதன் மேல் பட விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் வாசலில் சாக்கை விரித்து, அலுமினியப் பாகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருப்பார். இன்ஜினின் இரண்டு பக்கக் கவர், பிரேக் பிளேட், முன்பக்கம் ஃபோர்க்கின் கீழ்க் குழாய் எல்லாம் வெயிலில் கண்ணைக் கூச வைக்கும். கண் மங்கத் தொடங்கியதும் ஓட்டுவதை விட்டார். மழையில் நனைகிறதே என்று நான்தான் அதைத் தள்ளிக்கொண்டுபோய் மாடு கட்டும் கட்டுத்தறியில் ஒரு மூலையில் நிறுத்தினேன். பெரிய உபகாரம் செய்ததாக நினைப்பு. மாட்டு மூத்திரத்தின் காரமும் ஈரமும் சேர்ந்து எட்டு வருஷத்தில் அந்த அலுமினியத்தை என்ன செய்தது என்று கேட்காதீர்கள். வெளியே இழுத்துப் பார்த்தபோது சுண்ணாம்பு பூத்த சுவர் மாதிரி வெள்ளை வெள்ளையாக, சில இடத்தில் சாம்பலாக, தொட்டால் கையில் மாவு ஒட்டியது.

அண்ணன் முகத்தை வண்டியோடு ஒட்டவைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். “மாடு மேய்க்கறவங்கிட்ட வண்டியக் குடுத்தா இப்பிடித்தான்” என்றார். சரிதான், ஆரம்பித்துவிட்டார் என்று எனக்கு எரிச்சல் வந்தாலும் உள்ளே ஒரு நிம்மதி. திட்டுகிறார் என்றால் தெரிகிறது என்று அர்த்தம்.

பொள்ளாச்சியில் பஃபிங் போடுகிற கடை இருக்கிறது, கொடுத்தால் ஒரு நாளில் மின்ன வைத்துவிடுவான் என்றேன். கேட்ட குற்றம்தான். “மோட்டார்ல வெச்சு அமுக்கி ஓரத்தையெல்லாம் மழுக்கிப்புடுவான். கையில தேய்ச்சாத்தான் வடிவு நிக்கும். உனக்குச் சோம்பலா இருந்தா சொல்லு, நான் தடவித் தடவியே செஞ்சுக்கறேன்.” அதன் பிறகு நான் என்ன பேச?

வேலை அப்படி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பொறுமைதான் வேண்டும், அது என்னிடம் கிடையாது. கழற்றிய பாகத்தை மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். பிறகு தண்ணீரில் நனைத்து வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள். முதலில் சொரசொரப்பானது, அது போட்ட கீறலை அடுத்தது எடுக்கும், அதன் கீறலை அதற்கடுத்தது. ஐந்தாறு தாள் மாறியபின் பாலிஷ் பேஸ்ட், கடைசியில் பழைய பருத்தி வேட்டித் துணி. ஒரு தாளைத் தவறவிட்டால் கடைசியில் கீறல் பல்லைக் காட்டும். காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தால் பதினொரு மணி வரை தேய்ப்பேன். மத்தியானக் கறவைக்கு எழுந்தால் விரல் மடங்காது. மாட்டுக்காம்பு பிடித்துப் பழகிய கை, தாள் பிடித்து ரத்தம் கட்டியது.

அண்ணன் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். “வட்டமாத் தேய்க்காதடா, ஒரே போக்கா இழு.” “தண்ணி பத்தல.” “அந்த மூலைய யாரு தேய்ப்பாங்க, உன்ர மாமனா?” ஒரு வாரம் இப்படி. இரண்டு பிரேக் பிளேட்டும் முடிந்தன. முதல் பிளேட்டை நான் துடைத்துக் கொடுத்ததும் மூக்கில் முட்டுகிற மாதிரி பிடித்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு நெல் அளவு மங்கல் இருந்ததைக் கண்டுபிடித்து நகத்தால் தட்டிக் காட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நங்கையிடம் போய், “ஏனுங் நங்கை, அண்ணனுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுதுங்க, நெல்லத்தனையக் கண்டுபுடிக்கறாரு” என்று சொன்னேன். அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மீதி இருந்தவை ஃபோர்க் குழாய்களும் பெரிய இன்ஜின் கவர்கள் இரண்டும். கவர்களில்தான் வெள்ளை ஆழமாக ஏறியிருந்தது. இரண்டு நாள் தேய்த்தும் அசையவில்லை. நாளோ ஓடுகிறது. இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்களிடம் கறவை மிஷின் இருக்கிறது. கறந்து முடித்ததும் அதன் குழாய், வாளி எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் ஒரு பவுடரைக் கலந்து கழுவுவோம். கைக்கு உறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும், அவ்வளவு காரம். பால் கறை எவ்வளவு பழையதானாலும் பத்து நிமிஷத்தில் வாளி புதிது மாதிரி ஆகிவிடும். பத்து வருஷமாகத் தினம் இரண்டு வேளை இதைப் பார்த்த கண் எனக்கு. மின்னுகிற பாத்திரம் என்றால் அந்தப் பவுடர்தான் என்று மண்டையில் ஊறிவிட்டது. வாளி எவர்சில்வர், கவர் அலுமினியம் என்ற நினைப்பு வரவில்லை. மாடு வைத்திருக்கிறவன் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு யோசனை தோன்றாது. ஒரு மெக்கானிக் காதில் விழுந்திருந்தால் கையைப் பிடித்திருப்பான்.

அன்று காலை அண்ணன் குளிக்கப் போன சமயம், பிளாஸ்டிக் தொட்டியில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, நாலு கை பவுடரைப் போட்டு, கவர்கள் இரண்டையும் அமுக்கி வைத்தேன். குமிழி குமிழியாக வந்தது. ஆஹா, அழுக்கு கழன்று வருகிறது என்று நானும் சந்தோஷப்பட்டேன். பத்து நிமிஷத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்தபோது கட்டுத்தறியில் சினைமாடு கத்தியது. ஓடிப் பார்த்தால் பனிக்குடம் உடைந்து ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறது, இன்னொன்று உள்ளே மடங்கிக் கிடக்கிறது. கையை விட்டு அதை நிமிர்த்திக் கன்றை இழுத்துப் போட்டு, வாயைத் துடைத்து, மாடு நக்க ஆரம்பித்து, நான் கை கழுவ வந்தபோது உச்சி வெயில். அப்போதுதான் தொட்டி ஞாபகம் வந்தது.

தண்ணீர் கன்னங்கரேலென்று நுரை கட்டி நின்றது. உறை போட்டுக் கையை விட்டு எடுத்தேன். கவர் கறுப்பு. தோசைக்கல் கறுப்பு. தண்ணீர் ஊற்றித் தேய்த்ததும் கறுப்பு கொஞ்சம் போய் உள்ளே தெரிந்தது. அம்மை போட்ட முகம் மாதிரி குழி குழியாக, ஓரங்கள் கரைந்து மெலிந்து, ஸ்குரூ உட்காரும் இடம் அரித்து. எவ்வளவு தேய்த்தாலும் இந்தக் குழி போகாது என்று பார்த்ததுமே தெரிந்தது. அந்த வண்டிக்குக் கவர் இனி எங்கே போய்த் தேட? அப்படியே கிடைத்தாலும் அது இதுவா?  நாசமாப்போச்சு, நாசமாப்போச்சு என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

வாசலிலிருந்து அண்ணன் குரல். “கவரு எந்த மட்டுக்கு வந்துச்சுடா?”

அப்போதே இரண்டையும் கொண்டுபோய் அவர் மடியில் வைத்திருக்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயது ஆள், பேரன் எடுத்தவன், அண்ணனுக்குப் பயந்து கவர்களைத் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வைத்தேன். “பேஸ்ட்டு போட்டு வெச்சிருக்கறனுங்ணா, ரெண்டு நாளு ஊறோணும்” என்றேன். ஊற வைக்கிற பேஸ்ட் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அவருக்குக் கோபம் வந்தால் ரத்தக்கொதிப்பு ஏறும், கண்ணுக்கு ஆகாது என்று. பயந்தவனுக்குக் காரணம் கிடைக்காமலா போகும்?

அன்றிலிருந்து எட்டு நாள். தினம் காலையில் ஒரு பொய். பேஸ்ட் இன்னும் காயவில்லை. நல்ல தாள் கடையில் இல்லை. மாடு சாணி கழியவில்லை, அதைப் பார்க்க வேண்டும். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கட்டுத்தறிக்குள் உட்கார்ந்து கவர்களைத் தேய்ப்பேன். குழி மட்டும் போகவில்லை. ஆத்திரத்தில் சொரசொரப்பான தாளை வைத்து இழுத்து இன்னும் கெடுத்தேன். ஒரு நாள் கவரைச் சுவரில் எறிந்துவிட்டு மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அண்ணன் நச்சரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது. “செரி, பதனமாப் பண்ணு” என்பார், அவ்வளவுதான். கட்டுத்தறிப் பக்கமே வரவில்லை. கன்றைப் பார்க்கக்கூட வரவில்லை. கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். நங்கை காப்பி கொண்டுவந்தால் கையை நீட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பார், அவர் டம்ளரைக் கையில் வைத்து விரலை மூடிவிடுவார். ஆபரேஷன் பயத்தில் ஆள் அடங்கிவிட்டார் என்று நானும் நங்கையும் பேசிக்கொண்டோம். உண்மையைச் சொல்கிறேன், அவர் வந்து பார்க்காதவரை நல்லது என்று நான் சாமிக்கு நன்றி சொன்னேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்தது. இனி ஒளிக்க வழியில்லை. குழி விழுந்த கவர்களை அப்படியே இன்ஜினில் மாட்டி, ஸ்குரூ நிற்காத இடத்தில் கம்பி சுற்றி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினேன். சாயங்கால வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. பிரேக் பிளேட் மின்னியது. அதன் நடுவே அந்தக் கவர்கள், கறுத்து, அரித்து, சொறி பிடித்த நாய் மாதிரி. நங்கை கதவருகே வந்து பார்த்தவர் வாயில் கை வைத்துக்கொண்டார்.

“வண்டி நிறுத்தியிருக்கறனுங்ணா” என்றேன்.  திட்டட்டும், கையில் கிடைத்ததை எடுத்து எறியட்டும், என் பரம்பரையையே இழுக்கட்டும், அவருக்கும் அதே பரம்பரைதானே என்று தயாராக நின்றேன்.

அண்ணன் கட்டிலிலிருந்து எழுந்து நாலு அடி வந்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் குனிந்தார்.

“அட்டகாசம்டா” என்றார்.

நக்கல் என்றுதான் நினைத்தேன். அவருடைய நக்கல் அப்படித்தான் ஆரம்பிக்கும். அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

“நெசமாலுந்தாண்டா. கண்ணாடியாட்டம் வெச்சிருக்கற. உனக்கு இவ்வளவு வேல வரும்னு நான் நெனைக்கவே இல்ல. அந்தக் கவரப் பாரு, எப்பிடி மின்னுது.”

அவர் முகம் வண்டிக்கு ஒரு சாண் இடது பக்கமாக, வெறும் வாசலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

 நங்கையைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அண்ணன் பக்கம் திரும்பிக் கேட்டேன்.

“எப்பருந்துங்ணா?”

சிரிப்பு அப்படியே நின்றது. “என்னது?”

“எப்பருந்து தெரியல?”

 கையை நீட்டிக் காற்றில் தடவினார். கட்டில் கிடைக்கவில்லை. நான் போய்ப் பிடித்து உட்கார வைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

“மாடு கன்னு போட்டதுக்கு அடுத்த நாளு. கீழருந்து இருட்டு ஏறுச்சு.”

கார் பிடித்து அப்போதே போனோம். டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு எத்தனை நாளாச்சு என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் எங்களைத் திட்டவில்லை. நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் எழுதினார். ஆபரேஷன் செய்தார்கள். செய்து என்ன? வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்வார். அவ்வளவுதான் மிச்சம்.

அந்த எட்டு நாளில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தக் கவரை எடுத்துக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தால் போதும். அவர் திட்டியிருந்தால் கண் இருக்கிறது என்று தெரிந்திருக்கும். திட்டாமல் இருந்திருந்தால் அன்றைக்கே காரில் ஏற்றியிருப்போம். இந்தக் கணக்கை நான் தினம் பால் கறக்கும்போது போடுகிறேன். ஒரு நாளும் வேறு விடை வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம் இருக்கும். காலையில் சொசைட்டியிலிருந்து கேனோடு திரும்பினேன். அண்ணன் வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் குந்த வைத்து உட்கார்ந்திருந்தார். யாரும் பிடிக்காமல் எப்படி அங்கே போனார் என்று தெரியவில்லை. வலது கை இன்ஜின் கவரின் மேல் இருந்தது. விரல் நுனி ஒவ்வொரு குழியாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த கம்பியைத் தொட்டு, அதன் முறுக்கைத் தடவி, மறுபடி குழிக்கு வந்தது. கேனை வைக்கிற சத்தம் கேட்டு நான்தான் என்று தெரிந்துகொண்டார்.

“எதுலடா போட்ட?”

“மிசினு கழுவற பவுடருலிங்ணா.”

“எப்ப?”

“கன்னு போட்ட அன்னைக்கிங்ணா.”

விரல் நின்றது. அவரும் நாளை எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. திட்டுவார் என்று நின்றேன். அவர் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

“அன்னைக்கே சொல்லியிருந்தா நானென்ன உன்னயக் கடிச்சா தின்னுருப்பேன்?”

“பயந்துட்டனுங்ணா.”

அவர் கவரிலிருந்து கையை எடுக்கவில்லை.

“நானுந்தாண்டா” என்றார்.